சட்டைப் பையில் ஒரு ராஜினாமா கடிதம்

கிண்டி காந்தி மண்டப வளாகத்துக்குள் மூன்று முன்னாள் முதலமைச்சர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம். முதல் இருவரும் பதவிக்காலம் முடியும் முன்பே தாமாக நாற்காலியை விட்டு இறங்கியவர்கள். மூன்றாமவர், காமராஜர் இறங்கியதால் ஏறியவர். ஆளுநர் மாளிகையும் அதே சர்தார் படேல் சாலைப் பக்கம்தான். தமிழ்நாட்டில் எந்த முதலமைச்சர் ராஜினாமா எழுதினாலும் கடிதம் போய்ச் சேர வேண்டிய வாசல் அது.

போன வாரம் ஒரு காலையில் அந்த வளாகத்து மர நிழலில் உட்கார்ந்துதான், எனக்குப் பல வருடப் பழக்கமுள்ள ஒரு அண்ணன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். சென்னையை ஒட்டிய ஒரு நகராட்சிக்கு அவர் தலைவர். ஊர் பெயரும் கட்சி பெயரும் இங்கே வேண்டாம்.

"எழுதிட்டேன் தம்பி. தேதி மட்டும் போடல."

அவருடைய குறை புதிதல்ல. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தபோது, மக்கள் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள், உறுப்பினர்கள் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு ஆதரவு தந்த அதே ஆட்கள் இன்றைக்குக் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் டீ குடிக்கிறார்கள். சொந்தக் கட்சிக்காரர்கள்! மழைநீர் வடிகால் தீர்மானம் மூன்று கூட்டமாகத் தள்ளிப்போகிறது. அதிகாரி போனை எடுப்பதில்லை. எடுத்தால் "பார்க்கிறேன் சார்". தண்ணீர் தேங்கினால் தெருவில் திட்டு வாங்குவது மட்டும் இவர். பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டானது. பதவிக்காலம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கும் கொஞ்சம் மேலே இருக்கிறது.

நான் இருபது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் அரசியல் செய்திக்குத் தலைப்பு போட்டவன். ராஜினாமா தலைப்புகள் எத்தனை போட்டேன் என்று கணக்கில்லை. அதனால்தான் என்னிடம் கேட்டார். அங்கே சொன்னதையும், அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நகராட்சித் தலைவருக்கும் நாட்டை ஆள்பவருக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் குறைவு. வெறுத்துப்போன தலைவர் எந்த உயரத்தில் இருந்தாலும் அவர் முன்னால் உள்ள வழிகள் நாலைந்துதான்.

ஒரேயடியாகக் கும்பிடு போட்டுவிட்டுப் போவதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி. இதற்கு நம் ஊரில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரை விடச் சுத்தமான உதாரணம் கிடையாது. 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார் (அப்போது அப்படித்தான் பதவிக்குப் பெயர்). இரண்டு வருடத்தில் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன்தாரி ஒழிப்பு. நடுவிலே சொந்தக் கட்சிக் கோஷ்டிகளின் குடைச்சல். 1949 ஏப்ரலில் விலகினார். பிற்பாடு வள்ளலாரின் வடலூரில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் பெயரில் அண்ணா சாலையில் அரசினர் தோட்டமே இருக்கிறது. அங்கே சட்டமன்றத்துக்கென்று 2010-இல் திறந்த கட்டடம் இப்போது பல்நோக்கு மருத்துவமனை. பதவியை விடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் உடல்நலம் என்பதால், இது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

உடல்நலம் என்றதும் ராஜாஜி. 1953-இல் அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் பெற்றோரின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் தி.மு.க.வும் தெருவுக்கு வந்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே கொந்தளிப்பு. 1954-இல் உடல்நிலையைச் சொல்லி விலகினார். அப்போது வயது 75. அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் இருந்தார், சும்மாவும் இருக்கவில்லை. 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கினார், 1967-இல் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரசை இறக்கினார். ஆனால் அவர் விட்டுப்போன கல்வித் திட்டம்? அடுத்து வந்த காமராஜர் அதை அந்த வருடமே எடுத்துவிட்டார். போகிறவர் தன் வேலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வருகிறவர் அதை வைப்பாரா, குப்பையில் போடுவாரா என்பது வருகிறவர் பாடு.

2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். சொன்னது சொந்தக் காரணம். மாமன்றத்தில் உறுப்பினர்களோடு உரசல் இருந்தது ஊருக்கே தெரியும். கடிதம் ஆணையரிடம் போனது, மன்றம் கூடி ஏற்றது, ஆகஸ்ட் முதல் வாரத்தில் இரண்டு ஊருக்கும் புது மேயர். ஒரு மாதம் சொச்சம்தான் ஆனது. அண்ணனுக்கு இதுதான் கிட்டத்து உதாரணம். தலைவர் பதவியை மட்டும் விட்டால் நாற்காலி நாலைந்து வாரத்தில் நிரம்பிவிடும், யார் உட்காருவார் என்பதும் அவருக்கே தெரியும். வார்டு உறுப்பினர் பதவியையும் சேர்த்து விடுவேன் என்கிறாரே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. உள்ளாட்சியில் காலி இடம் நிரம்புவது அவ்வளவு லேசில்லை. சென்னை மாநகராட்சியே 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் ஓடியது. கொரோனா காலம் முழுக்க வார்டுக்கு ஆள் இல்லை. அண்ணன் வார்டுக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இரண்டாவது வழி, கடிதத்தை ஆயுதமாக நீட்டுவது. போகிற எண்ணம் இருக்காது, போய்விடுவேன் என்கிற பேச்சு இருக்கும். இதைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டுக்கு இதனால் நல்லது நடந்திருக்கிறது.

1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து. நூற்று நாற்பதுக்கும் மேல் சாவு. ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி விலகினார். அதற்குச் சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதும் கடிதம் கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. இரண்டாவது முறை ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சராக இருந்தவர் நம் செங்கல்பட்டு ஓ.வி. அழகேசன். அடுத்த வருடத் தேர்தலில் 'ஆண்டது போதாதா, மாண்டது போதாதா' என்று எதுகை போட்டு அவரை வறுத்தெடுத்தார்கள், தோற்றார்.

இப்போது 1965-க்கு வாருங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டம், துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு. அதே சாஸ்திரி பிரதமர். அதே அழகேசனும், உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் பிப்ரவரியில் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார்கள். சாஸ்திரி அவற்றை ஏற்கும்படி குடியரசுத் தலைவருக்கு அனுப்ப, ராதாகிருஷ்ணன் சம்மதிக்கவில்லை. வானொலியில் வந்து, ஆங்கிலம் தொடரும் என்று சாஸ்திரி உறுதி சொன்னார். இருவரும் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். 1967-இல் அந்த உறுதி சட்டத் திருத்தமாகவே வந்தது. போராட்டம் தெருவில் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு கடிதம் எதையும் அசைத்திருக்காது, அது வேறு. ஆனால் கேட்டதைத் தெளிவாகக் கேட்டார்கள், கேட்டது கிடைத்ததும் திரும்பினார்கள். தானே இரண்டு தடவை ராஜினாமா எழுதிய மனிதருக்கு இன்னொருவர் ராஜினாமாவின் கனம் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இதே வித்தை 2008-இல் பலிக்கவில்லை. ஈழத்தில் போர் நிறுத்தம் கோரி அக்டோபரில் தி.மு.க. எம்.பி.க்கள் வரப்போகிற தேதி போட்ட ராஜினாமா கடிதங்களைக் கொடுத்தார்கள். யாரிடம்? கட்சித் தலைவர் கருணாநிதியிடம். மக்களவை உறுப்பினர் விலக வேண்டுமானால் சபாநாயகருக்கு எழுத வேண்டும். முகவரி மாறிய கடிதம் மிரட்டாது என்று டெல்லிக்குத் தெரியும். மாதம் முடிவதற்குள் பிரணாப் முகர்ஜி சென்னை வந்து பேசினார், கடிதங்கள் அப்படியே நின்றுபோயின. போரும் நிற்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அண்ணனிடம் ஒன்று கேட்டேன். "இந்தக் கடிதம் போனா யாருக்கு வலிக்கும்ணே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தார். "வலிக்கிறதாவது. ஸ்வீட் வாங்கிக் கொடுப்பானுங்க."

அவ்வளவுதான் விஷயம். ராஜினாமா ஆயுதம் ஆக வேண்டுமானால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் தேவைப்பட வேண்டும். 1958-இல் நேரு, அலுத்துவிட்டது, கொஞ்ச நாள் பிரதமர் பதவியிலிருந்து விலகி இருக்கிறேன் என்று தன் கட்சி எம்.பி.க்களிடம் சொன்னார். அவர்கள் பதறிப்போய்க் கெஞ்ச, எண்ணத்தைக் கைவிட்டார். நேருவுக்குக் கெஞ்ச ஆள் இருந்தது. நம் அண்ணனுக்குக் கெஞ்ச ஆள் இல்லை என்பது அவருக்கே தெரிகிறது. ஆகவே இரண்டாவது வழி அடைபட்டது.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம், ஏனென்றால் அவர் மனம் உள்ளுக்குள் அங்கேதான் இருந்தது. "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான் தம்பி. துணைத் தலைவர். நான் சொன்னா கேப்பான். அவனை உட்கார வெச்சிட்டு நான் பின்னாடி இருந்து பார்த்துக்கறேன்."

பாதுகையை வைத்து ஆண்ட பரதன் கதை நம் எல்லோருக்கும் பிடிக்கும். பதினான்கு வருடம் கழித்து நாட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தான் அல்லவா? தமிழ்நாட்டு அரசியலில் அந்தப் பாத்திரத்துக்கு ஓ. பன்னீர்செல்வம் பெயர் போனவர். 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஜெயலலிதா இறங்க நேர்ந்தபோது ஏறி, 2002 மார்ச்சில் திருப்பிக் கொடுத்தார். 2014-இல் மறுபடி ஏறி, 2015 மே மாதம் மறுபடி திருப்பிக் கொடுத்தார். ஆனால் பரதன்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. 2014 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பொறுப்பேற்று நிதிஷ் குமார் பீகார் முதலமைச்சர் பதவியை விட்டார். ஜீதன் ராம் மாஞ்சியை உட்கார வைத்தார். ஒன்பது மாதத்தில் நாற்காலியைத் திருப்பிக் கேட்டால் மாஞ்சி எழுந்திருக்க மறுத்தார். கட்சியை விட்டு நீக்கி, நம்பிக்கை வாக்கெடுப்பு வரை இழுத்து, அந்தக் காலையில்தான் மாஞ்சி ராஜினாமா செய்தார். நிதிஷ் ஏற்றி வைத்ததை இறக்குவதற்குப் பட்ட பாடு, தேர்தலில் ஜெயிக்கப் பட்ட பாட்டை விடக் குறைவில்லை.

டெல்லியில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே அர்விந்த் கெஜ்ரிவால் ஒரே காரியத்தை இரண்டு முறை செய்து பார்த்தார். 2014 பிப்ரவரியில் 49 நாள் ஆட்சியை உதறிவிட்டுப் போனார், மே மாத மக்களவைத் தேர்தலில் டெல்லியின் ஏழு தொகுதியிலும் அவர் கட்சி தோற்றது. ஓடிப்போனவர் என்று பேர் வந்தது. மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2015-இல் 70-க்கு 67. சரி, இந்த மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, 2024 செப்டம்பரில் மறுபடி விலகி அதிஷியை முதலமைச்சர் ஆக்கினார். அதிஷி பக்கத்தில் ஒரு காலி நாற்காலி போட்டு, பரதன் மாதிரி ஆள்வேன் என்றே சொன்னார். 2025 பிப்ரவரித் தேர்தலில் கட்சிக்கு 22 இடம். கெஜ்ரிவால் தன் தொகுதியிலேயே தோற்றார். முதல் முறை மக்கள் மன்னித்தது ராஜினாமாவை அல்ல என்று நினைக்கிறேன், மன்னிப்புக் கேட்டதை.

இந்த இடத்தில் அண்ணன் காமராஜர் நினைவிடத்தைக் கை காட்டினார். "அவர் மட்டும்?"

நியாயமான கேள்விதான். காமராஜர் ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்துவிட்டு, கட்சி வேலைக்கு மூத்தவர்கள் போக வேண்டும் என்று தானே திட்டம் சொல்லி, தானே முதலில் நின்று, 1963 அக்டோபர் 2-இல் விலகினார். அவரோடு சேர்த்து ஆறு முதலமைச்சர்கள், ஆறு மத்திய அமைச்சர்கள். அடுத்த வருடம் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். 1964-இல் சாஸ்திரியும் 1966-இல் இந்திராவும் பிரதமர் ஆனதில் அவர் கை இருந்தது. ஆக, இறங்கியவர் கீழே போகவில்லை, வேறு மாடிக்குப் போனார். அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. அதுவும் அவரே கட்டிய இடம்.

ஆனால் ஊரில் என்ன ஆனது? பின்னால் வந்த பக்தவத்சலம் காலத்தில்தான் இந்திப் போராட்டமும் அரிசிப் பஞ்சமும். 1967-இல் காங்கிரஸ் கவிழ்ந்தது. பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார், காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அன்றைக்குப் போன கோட்டையைக் காங்கிரஸ் இன்றுவரை பிடிக்கவில்லை. காமராஜர் கோட்டையிலேயே இருந்திருந்தால் 1965 வேறு மாதிரி போயிருக்கும் என்று என் அப்பா தலைமுறையில் பலர் சொல்வார்கள். எனக்கும் பாதி நம்பிக்கை உண்டு.

"உங்களுக்குப் போக இடம் இருக்கா?" என்று கேட்டேன். மாவட்டப் பொறுப்பு ஏதாவது? இல்லை. துணைத் தலைவர் பையன் பரதனா, மாஞ்சியா? "தெரியல" என்றார். தெரியாது என்றால் மாஞ்சி என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மன்றத்தைக் கலைத்துவிட்டு மக்களிடம் போவது முதலமைச்சர்களுக்கு உள்ள வசதி. கருணாநிதி 1971-இல் ஒரு வருடம் முன்பே தேர்தலுக்குப் போய் 184 இடம் பிடித்தார். 2018-இல் தெலங்கானாவில் சந்திரசேகர ராவும் அப்படியே ஜெயித்தார். 2004-இல் வாஜ்பாய் முன்கூட்டிப் போய்க் கவிழ்ந்தார். நகராட்சித் தலைவருக்கு அந்த அதிகாரம் இல்லை, அதனால் விட்டுவிடுவோம்.

மிச்சம் ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அடுத்த முறை நிற்கப்போவதில்லை என்று இப்போதே அறிவித்துவிட்டு உட்காரலாமே என்றார் அண்ணன். கூடவே கூடாது என்றேன். அறிவித்த மறுநாளிலிருந்து 'பார்க்கிறேன் சார்'கூடக் கிடைக்காது.

உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? அதிகபட்சம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வருவார்கள். 2024 ஜூலையில் காஞ்சிபுரம் மேயர் மீது அப்படி ஒரு தீர்மானம் வந்தது. அத்தனை சத்தம் போட்டார்கள். வாக்கெடுப்பு நாளில் உறுப்பினர்கள் யாரும் மன்றத்துக்கு வரவில்லை, தீர்மானம் தோற்றது. டீக்கடையில் எதிர்ப்பது வேறு, பெயர் பதிவாகும்படி கை தூக்குவது வேறு. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், வார்டில் பதில் சொல்ல வேண்டும். அண்ணனின் எதிராளிகளுக்கு அந்தத் தொல்லையே இல்லாமல் செய்து கொடுக்கிறது அவர் பையில் இருக்கும் காகிதம்.

இன்னொரு பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தூக்கம் போகிறது. பிரஷர் உண்மை. நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டன் 2023 ஜனவரியில், இனி தன்னிடம் தெம்பு மிச்சமில்லை என்று சொல்லி இறங்கியபோது அதை நான் மதித்தேன். மருத்துவர் அண்ணனிடம் விடு என்று சொன்னால் விட்டுவிட வேண்டும், அதற்கு மேல் பேச்சில்லை. கேட்டேன். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னாராம்.

ஒரு தலைவர் உண்மையிலேயே போகப்போகிறாரா என்று எப்படித் தெரியும் என்று என்னை அலுவலகத்தில் கேட்பார்கள். என் அனுபவக் கணக்கு: நாலு பேரிடம் புலம்புகிறவர் பெரும்பாலும் போவதில்லை. 2025 ஜூலை 21-இல் குடியரசுத் துணைத்தலைவர் ஜக்தீப் தன்கர் பகலில் மாநிலங்களவையை நடத்தினார், இரவு உடல்நலத்தைச் சொல்லி ராஜினாமா செய்தார். 2027 ஆகஸ்ட் வரை பதவி இருந்தது. டெல்லியில் மூக்கு நீண்ட நிருபர்களுக்கே மாலை வரை வாசம் வரவில்லை. அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டார், அண்ணியிடம் சொல்லிவிட்டார், டிரைவருக்கும் தெரியும். இந்தக் கணக்குப்படி அவர் போக மாட்டார்.

ஆனால் கணக்கு தப்பலாம், அதனால் கடைசியாக ஒன்று சொன்னேன். வடிகால் தீர்மானத்துக்கு மட்டும் ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டுங்கள். யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயரோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். நிறைவேறினால் வேலை நடக்கும். தோற்கடித்தால், மழை வரும்போது தெருவில் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார் என்று பட்டியல் இருக்கும். அப்போதும் விடத் தோன்றினால், தலைவர் பதவியை மட்டும் விடுங்கள், வார்டை வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்போ இதை என்ன பண்ண?" காகிதத்தை ஆட்டிக் காட்டினார்.

2017 பிப்ரவரி 5-இல் பன்னீர்செல்வம் மூன்றாவது முறை ராஜினாமா கொடுத்தார். 7-ஆம் தேதி இரவு மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் நாற்பது நிமிடம் கண்மூடி உட்கார்ந்துவிட்டு, கட்டாயப்படுத்தி எழுத வைத்தார்கள், திரும்பப் பெறுவேன் என்றார். ஆளுநர் ஏற்றுக்கொண்ட பிறகு திரும்பப் பெறுவது எங்கே? 16-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி பதவியேற்றுவிட்டார். இது கொடுத்த கடிதத்தின் கதை. கொடுக்காத கடிதத்துக்கும் கதை உண்டு. 1989 மார்ச்சில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா, சட்டமன்ற உறுப்பினர் பதவியை விடுவதாக எழுதிய கடிதம் அவர் கையால் சபாநாயகரிடம் போகவில்லை. வேறொருவர் வீட்டில் நடந்த போலீஸ் சோதனையில் சிக்கி ஊர் முழுக்கப் பரவியது. மனம் மாறிவிட்டது என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் 25-ஆம் தேதி சட்டமன்றத்தில் நடந்த அமளிக்குப் பிறகு, முதலமைச்சராகத்தான் இங்கே திரும்புவேன் என்று வெளியேறினார், 1991-இல் அப்படியே திரும்பினார். அந்தக் கடிதம் அன்றைக்கே ஏற்கப்பட்டிருந்தால்?

"தேதி போடாத கடிதத்தைப் பையில வெச்சுக்கிட்டுச் சுத்தாதீங்கண்ணே. யார் கையில சிக்கினாலும் அவங்க தேதி போட்டுடுவாங்க."

அண்ணன் காகிதத்தைப் பிரித்து ஒருமுறை படித்தார். நாலாகக் கிழித்தார், அப்புறம் எட்டாக. பக்கத்தில் குப்பைத்தொட்டி இல்லை. துண்டுகளை அதே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வா, டீ குடிக்கலாம்" என்று எழுந்தார்.